'சீரமைக்க ஏற்றது' என்று விற்கப்படும் துருப்பிடித்த கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் விற்பனைப் பக்கங்களில் பழைய கார்களின் படத்துக்குக் கீழே 'சீரமைக்க ஏற்றது' என்ற வரி அடிக்கடி வருகிறது. சில வண்டிகள் காயலான் கடைக்குப் போக வேண்டியவை என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும். ஆசையோடு முதல் வண்டி தேடுகிறவர்களுக்கு அது தெரியாது. ஆகவே இத்தகைய விளம்பரங்களை ஏற்கும் முன் விற்பவரிடம் சில விவரங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வண்டிக்குத் தனிச் சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழைய லேண்ட் ரோவரில் ஏணி போன்ற இரும்புச் சேஸிஸ் தனியாக இருக்கிறது. அது அரித்துப்போனால் பாடியை இறக்கிவிட்டு, துத்தநாகம் தோய்த்த புதுச் சேஸிஸின் மேல் மறுபடி ஏற்றலாம். பெரிய வேலைதான், ஆனால் எங்கே முடியும் என்று தெரிந்த வேலை. அலுமினியப் பாடி, துருவே பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள். ஆனால் அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நின்று டாஷ்போர்டைத் தாங்கும் 'பல்க்ஹெட்' என்ற தடுப்போ இரும்பு. அதன் கால்கள் அடியிலிருந்து அரிக்கும்.

மினி, எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பாடிதான் சேஸிஸ். இங்கேதான் ஏமாற்றம் அதிகம். 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபியின் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' (sill) என்ற பாகத்தை எடுத்துக்கொள்வோம். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் ஒரு சட்டம் என்று அடுக்கடுக்காகச் சேர்த்தது அது. மேற்கூரை இல்லாத வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு அதற்கு உண்டு. துரு உள்ளிருந்து வெளியே வருவதால், வெளித்தகட்டில் நகம் அளவு கொப்புளம் தெரியும்போது நடுத்தகடு பெரும்பாலும் போயிருக்கும். இரும்பு துருவானால் பல மடங்கு இடம் பிடிக்கும். ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே அது வளர வளர, தையல் பிரிந்த மாதிரி தகடுகள் வாய் பிளக்கும். இந்த நிலையில் பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. பூசி மெழுகுவது என்பது இதுதான்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் மேல் இழுத்துப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டியோ ஃபைபரோ இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி மொத்தென்று கேட்கும். கதவை மூடி இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பார்த்து, ஆட்டம் கீல் ஊசியிலா, கீல் பிடித்திருக்கும் தூணிலா என்று கவனிக்க வேண்டும். ஊசியை மாற்றிவிடலாம், தூண் என்றால் கதை வேறு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் பின்சீட்டைத் தூக்குங்கள். பேட்டரி அதன் அடியில் வலப்பக்கம் இருப்பதால், அமிலம் பட்டுத் தரைத்தகடு அங்கேதான் முதலில் ஓட்டையாகும்.

சில் மாற்றுவது முடியாத காரியமல்ல, ஒழுங்கு தப்பினால்தான் வண்டியே கோணும். வெட்டும் முன் கதவு வாயில் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயை வெல்டிங் வைத்து இறுக்க வேண்டும். சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டி தன் எடையில் நிற்கும் நிலையிலேயே வேலை செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டலாம். முழு வெல்டிங் போகும் முன் கதவை மாட்டி இடைவெளி சரிபார்ப்பதை விடவே கூடாது. மெல்லிய தகட்டுக்கு 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி போதும், ஒரே இழுப்பாக ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்தால் தகடு நெளியாது. கடைசியில் உட்குழிவுக்கு மெழுகு அடிக்காவிட்டால் அடுத்த துரு அங்கிருந்தே தொடங்கும்.

என்ஜின் ஜாம் ஆகியிருப்பதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அரித்த பாடியோடு ஒப்பிட்டால் அது சிறிய கவலை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, என்ஜினைச் சுழற்றும் கிராங்க் தண்டின் நுனியில் உள்ள நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். ஸ்டார்ட்டரைப் போட்டோ, கியரில் வைத்து இழுத்தோ பலவந்தம் செய்தால் பிஸ்டன் ரிங் உடையும். சிலிண்டர் சுவரில் துருக்குழி இருந்தால் சிலிண்டரின் துளையைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், 0.020, 0.040 அங்குலம் என்று படிப்படியாகப் பல என்ஜின்களுக்குக் கிடைக்கும்.

இல்லாத சாமான்கள்தான் வேறொரு பெரிய பள்ளம். 'மீதி பெட்டியில் இருக்கிறது' என்றால் பெட்டியைக் கொட்டி எண்ண வேண்டும். முன்கண்ணாடி, குரோம் பட்டைகள், விளக்கு வளையங்கள், சீட்டுச் சட்டம் போன்றவை அரிய மாடலுக்குத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். துருப்பிடித்தாலும் முழுதாக உள்ள வண்டி, பாதி காணாமல் போன நல்ல பாடியைவிட எனக்கு மேலாகப் படுகிறது. துருப்பிடித்த வளையம்கூட அடுத்ததைச் செய்ய அளவு தரும்.

பாடியில் பொறித்த எண்ணும் பதிவுத் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். எண் இருந்த தகடே அரித்து வெட்டப்பட்டிருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அடியிலிருந்து எடுத்த சில்லின் படம், விரிப்பை நீக்கிய தரையின் படம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களின் படம், எண் பொறித்த இடத்தின் படம், இல்லாத சாமான்களின் பட்டியல் ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றைத் தராதவருக்கு 'சீரமைக்க ஏற்றது' என்ற தலைப்பைத் தராதீர்கள். தாங்கும் சட்டமெல்லாம் போன வண்டியை 'உதிரிபாகங்களுக்கு மட்டும்' என்று தனிப் பகுதியில் போடலாம். அதன் கண்ணாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் காத்திருப்பவர்கள் அங்கே வந்து தேடிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பழைய வாகனச் சீரமைப்பில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்