அந்தக் காணிக்கை உறைக்கு நன்றி

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

போன வருடமே எழுதியிருக்க வேண்டிய மடல். வெட்கம் விடவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனையில் நான் சொன்ன சாட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டாக்டர்கள் கைவிட்ட ஒரு பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தேன், பிள்ளை எழுந்து நடந்தது என்றேன். பலர் அழுதீர்கள். ஜெபித்தவன் நானல்ல. வேறொரு ஊழியர் தன் அனுபவமாகச் சொன்னதைக் கேட்டு, "அவர்" என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் "நான்" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் கலைந்தபின் ஓர் அக்கா என்னிடம் வந்தார். அவர் மகன் பல வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) "ஐயா, அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட ஒரு தடவை பேசணும். நம்பர் குடுங்க" என்றார். காணிக்கை உறையைத் திருப்பி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "தேடித் தர்றேன்க்கா" என்றேன். அது இரண்டாவது பொய்.

அன்றிரவே மூப்பர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவுமில்லை. வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தைத் திறந்தார். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் குற்றச்சாட்டை ஏற்காதே என்னும் 19-ஆம் வசனம் போதகர்களாகிய எங்களுக்கு மனப்பாடம். அவர் அடுத்த வசனத்தை வாசித்தார்: "பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்." பிறகு, "அதே பீடத்துல நின்னு நீங்களே சொல்லிடுங்க தம்பி. நான் முன்னாடி உட்கார்ந்திருப்பேன்" என்றார். சொன்னபடியே உட்கார்ந்திருந்தார். ஐயா, உங்களுக்கு நன்றி.

எனக்கு ஊழியம் கற்றுத்தந்த போதகருக்கும் நன்றி. 1948-இல் அமெரிக்க நற்செய்திப் பிரசங்கி பில்லி கிரகாமும் அவர் குழுவினரும் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் கூடி, பிரசங்கிகளை வீழ்த்துகிறவை எவை என்று பேசித் தங்களுக்கு வேலியிட்டுக்கொண்டதை அவர்தான் சொல்லித்தந்தார். பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைக் குறைகூறுவது ஆகியவற்றோடு, கூட்டத்தின் அளவையும் பலனையும் ஊதிச் சொல்வதையும் அவர்கள் சேர்த்திருந்தார்கள். முதல் இரண்டிலும் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். அதனால் பத்திரமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டேன். விழுந்தது கடைசியாகச் சொன்னதில்.

பொருளாளர் சகோதரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காணிக்கையை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும், போதகர் தொடக்கூடாது என்று நீங்கள் சொன்னபோது என்னைச் சந்தேகிக்கிறீர்கள் என்று மனம் கசந்தேன். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான, அதாவது அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்கான, தர்மப்பணத்தை அப்போஸ்தலன் பவுல்கூடத் தனியே கையாளவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் கூட்டிக்கொண்டு, "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமானதைச் செய்ய நாடினார். நீங்கள் செய்தது எனக்குக் காவல். மன்னியுங்கள்.

அக்கா, நான் அறிக்கையிட்ட ஞாயிறன்று நீங்கள் வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். வந்தீர்கள். அதே உறையை நீட்டினீர்கள். பின்புறம் உங்கள் நம்பர் இருந்தது. "அவனுக்காக ஜெபிக்கணும்னு தோணுறப்போ கூப்பிடுங்க" என்றீர்கள். உறை என் வேதாகமத்தில் இருக்கிறது. வாரம் தவறாமல் கூப்பிடுகிறேன், சேர்ந்து ஜெபிக்கிறோம். தம்பி இன்னும் எழுந்து நடக்கவில்லை.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் போதகர்