தண்ணீர் வந்த வழியையும் படம் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைத் தேடிக் கேமராவோடு வருவோர் பெருகிவிட்டனர். ஞாயிறு மலர்களிலும் அந்தப் படங்கள் வருகின்றன. பெயர்ந்த காரை, ஒட்டடை தொங்கும் தேக்குத் தூண், நடு முற்றமான வளவில் விழும் வெயில்; பார்க்க அழகுதான். ஆனால் வீடு எதனால் விழுகிறது என்பதை அவை சொல்வதில்லை. செட்டிநாட்டு ஊர்கள் சில 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. படம் ஒரு பதிவாகவும் பயன்பட வேண்டாமா?

பெரும்பாலும் கோளாறு ஓர் ஓட்டில் தொடங்குகிறது. குரங்கு நகர்த்திய ஓட்டைத் திருப்பி வைக்க ஆளில்லை என்றால், ஐப்பசி மழையில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் ஊறும். அடுத்து, ரீப்பரைத் தாங்கும் கைமரத்தின் சுவருக்குள் செருகிய முனை உளுத்துப்போகும். பிறகு சுவரின் தலை நனைந்து பூச்சு பொருமும். வளவின் நான்கு மூலைகளுக்குத்தான் முதல் அடி. இரண்டு கூரைச் சரிவின் தண்ணீரும் அங்கேதான் கூடுகிறது. மூலைத் தகடு துருப்பிடித்தால் முடிந்தது. ஆகவே உள்ளே போனதும் தூணை விட்டுவிட்டு மூலைகளை அண்ணாந்து பாருங்கள். கறை தொடங்கும் இடம், அது இறங்கும் சுவர், கீழே உப்புப் பூத்த தரை, மூன்றும் ஒரே படத்தில் விழுந்தால் கொத்தனார் அதைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிடுவார்.

வளவின் வெளிச்சமும் பட்டாலைக் கூடத்தின் இருட்டும் ஒரே படத்தில் அடங்காது. முக்காலியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்8 என நிறுத்தி, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி இரண்டிரண்டு ஸ்டாப் (வெளிச்சப் படி) இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். கேமரா மட்டமாக இருக்கட்டும். அண்ணாத்தினால் எல்லாத் தூணும் உள்பக்கம் சாயும். நிஜமாகவே சாய்ந்த தூண் எதுவென்று பிறகு தெரியாது. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் வண்ணக் கண்ணாடி தரையில் போடும் சிவப்பும் பச்சையும் வெளுத்துவிடும். பகல் வெளிச்சத்துக்கு வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை விரிசலும் நிழலாக எழும்பும்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் நிறம் எடுப்பாகத் தெரிய வாளித் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வேண்டாம். இடுக்குகளில் இறங்கிய நீர் காயும்போது உப்பைக் கிளப்பும். பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். அந்த வழவழப்பு கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் வருவது. மண் படிந்த தரையில் முக்காலியை இழுத்தால் கீறிவிடும்.

படத்தில் வராதவற்றைக் குறிப்பேட்டில் எழுதலாம். சித்திரை வெயிலிலும் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தால் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. பூச்சை விரல் கணுவால் தட்டும்போது பானை போல ஒலித்தால் அது சுவரை விட்டு விலகிவிட்டது. கண் எரியும் நெடி வந்தால் மேலே வௌவால் இருக்கிறது. அந்த அறைக்குள் என்95 முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். காய்ந்த எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். மரப் படியில் நடுவில் மிதிக்காமல் சுவரோரமாகக் கால் வையுங்கள்.

'பேய் பங்களா' என்று தலைப்பிடுவோருக்கு ஒரு வார்த்தை. பல வீடுகள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் இன்றும் திறக்கப்படுகின்றன. உரிமை பல பங்காளிகளுக்கு. காவலாளியின் தலையாட்டல் அனுமதியாகாது. சாமி அறையைக் கேட்காமல் எடுக்காதீர்கள். செதுக்கிய நிலைக்கதவின் படத்தோடு தெருப் பெயரைப் போடாதீர்கள், ஜி.பி.எஸ். குறிப்பையும் நீக்கிவிடுங்கள். அத்தகைய கதவுகளுக்குச் சந்தையில் என்ன விலை என்று பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விசாரித்தால் காரணம் புரியும்.

மூலைகளை எடுத்த படங்களின் பிரதியை ஆவணி முடிவதற்குள் பங்காளிகளில் ஒருவருக்காவது அனுப்புங்கள். ஓடு மாற்ற ஆள் பிடிக்கவே இங்கே ஒரு மாதம் ஆகிறது.

இப்படிக்கு,
வாசகர்,
காரைக்குடி