ஆறுமணிக் குருவி வந்த இரவு

தேன்கனிக்கோட்டை,
ஐப்பசி முதல் வாரம்.

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஆனி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் நீ டேராடூனிலிருந்து அழைத்து, சால மரக் காட்டோரம் ஏதோ ஒரு பறவை இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள் அப்பா என்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாய். எனக்குக் காற்றின் இரைச்சல் மட்டுமே கேட்டதால், நீயே அதைப் பாடிக் காட்டினாய். அன்று சொல்ல முடியாமல் போன பதிலைச் சொல்லவே இந்தக் கடிதம்.

போன புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மேல், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, திண்ணை விளக்கை அணைக்கப் போன உன் அம்மா, சுவரோரம் ஏதோ பச்சையாகக் கிடக்கிறது என்று என்னைக் கூப்பிட்டாள். அருகில் போய்க் குனிந்தேன். ஒரு சிறு பறவை, கால்களை மடக்கி, கண்களைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, தோளில் பளபளக்கும் நீலம், வெண்மையான தொண்டை, மஞ்சட்பழுப்பு வயிறு, கண்ணின் குறுக்கே மை தீட்டியது போன்ற அகலமான கறுப்புப் பட்டை. தூக்கியபோதுதான் வாலடியில் குங்குமச் சிவப்பு தெரிந்தது. வால் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் எடைதான் இருக்கும். ஆனால் உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடித்த வேகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் போன ஆண்டு இதே மாதத்தில் இதே பறவை ஒன்று நம் கூடத்துக் கண்ணாடிச் சன்னலில் மோதி, காலையில் நான் பார்க்கும்போது விறைத்துக் கிடந்தது. உனக்கு அதைச் சொல்லவில்லை. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஆசைப்பட்டு நான் வைத்த கண்ணாடி அது. பலா மரத்தடியில் அந்தப் பறவையைப் புதைத்துவிட்டு, சன்னலின் வெளிப்புறத்தில் வெள்ளைத் துணிக் கீற்றுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆனால், இரவில் வலசை போகும் பறவைகளை விளக்கு வெளிச்சமும் ஈர்த்துத் தடுமாற வைக்கும் என்பதை மறந்து, திண்ணை விளக்கை எரியவிட்டது என் பிழை.

இம்முறை அட்டைப்பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு, பழைய துண்டை விரித்து, அதில் வைத்து மூடினேன். தண்ணீர் புகட்டலாமா என்று உன் அம்மா கேட்டாள். வேண்டாம், மயங்கிய பறவைக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும், இருட்டும் அமைதியுமே அதற்கு மருந்து என்றேன். இருவரும் சரியாகத் தூங்கவில்லை.

விடிந்ததும் பெட்டியைப் பலா மரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். சற்று நேரம் அசையாமல் இருந்த பறவை, வெளியே குதித்து, நீண்ட கால்களால் இரண்டு தத்துத் தத்தி, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு, உள்ளே சருகு புரளும் ஓசை கேட்டது. அலகால் ஓர் இலையைப் பிடித்து அப்பால் எறிவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஏதோ ஒரு பூச்சியைக் கொத்துவது, அடுத்த இலைக்குப் போவது என்று, பயணக் களைப்பெல்லாம் மறந்ததுபோல் மேய்ந்துகொண்டிருந்தது. அன்று மாலை ஆறு மணிவாக்கில் அதே புதரிலிருந்து எழுந்தது அந்தச் சீழ்க்கை: முதல் சுரம் மேலே ஏறி, இரண்டாவது சுரம் கீழே இறங்கியது. நீ எனக்குப் பாடிக் காட்டினாயே, அதேதான். விடியலிலும் அந்தியிலும் கூவுவதால்தான் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். உன் பக்கத்தில் நவ்ரங் என்று கேட்டால் சொல்வார்கள்.

பால் கொண்டுவரும் பெரியவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், அதைப் பார்த்து ‘பிட்ட’ என்றார். தெலுங்கில் சிறு பறவைக்கான பொதுச்சொல் அது. அதுவே உலகம் முழுவதும் அறிவியலாளர்கள் இந்தக் குடும்பத்துக்கு வழங்கும் பெயராகவும் ஆகிவிட்டது. 1766இல், உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட ஸ்வீடன் அறிவியலாளர் லின்னேயஸ் இதைக் காக்கை இனத்தோடு சேர்த்து வைத்தார் என்பதை நினைக்கும்போது, நம் பால்காரர் சொன்னதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கோடையில் இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குமுன் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்கி வருகின்றன. இரவோடு இரவாகப் பறந்து வந்து களைத்து விழுபவைதாம் நம் வாசலில் கிடப்பவை. நேற்று நிலப்படத்தை விரித்துப் பார்த்தேன். நீ இருக்கும் டேராடூனும் நம் ஊரும் ஏறத்தாழ 78 டிகிரி தீர்க்கரேகையிலேயே இருக்கின்றன. உன் ஊரிலிருந்து நேர் தெற்கே கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் வந்தால் நம் வாசல். இந்தப் பறவை அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. இருந்தாலும், நீ ஆனியில் கேட்ட குரலை நான் ஐப்பசியில் கேட்கிறேன் என்பது எனக்குப் போதுமான மகிழ்ச்சி.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். பலாவுக்கும் மாவுக்கும் கீழே விழும் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். தோட்டம் குப்பையாகத் தெரிகிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அந்தக் குப்பைக்குள்தான் பூச்சியும் புழுவும் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் வியாழக்கிழமை காலையில் அந்தப் பறவைக்குத் தின்ன எதுவும் இருந்திருக்காது. திண்ணை விளக்கையும் இந்த மாதம் முழுவதும் எட்டு மணிக்கே அணைத்துவிடுகிறோம்.

மழைக்காலம் தொடங்கும்போது நீ காட்டோரம் நடந்தால், தரையிலோ தாழ்ந்த கிளையிலோ, காய்ந்த இலைகளாலும் புல்லாலும் உருண்டையாகக் கட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்த கூடு ஒன்று கண்ணில் படலாம். கிட்டப் போகாதே, தூர நின்று பார். அது கூவும்போது என்னை அழைத்து, கைப்பேசியைக் காற்றுப் படாமல் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக்கொள்.

அன்புடன்,
உன் அப்பா