இதய ஆபரேஷன் முடிந்த குழந்தைகளின் முதல் ஒரு வருடத்துக்கு: நன்கொடை வேண்டுகோள்

விருத்தாசலம் வட்டார மக்களுக்கும், வெளியூரில் பிழைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

பிறவியிலேயே இதயக் குறையோடு பிறந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய குழந்தைகளுக்காக இந்த நன்கொடையைக் கேட்கிறோம். ஆபரேஷன் செலவுக்காகக் கேட்கவில்லை. அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வரும் ஒரு வருடத்துக்குத்தான் கேட்கிறோம். பஸ் டிக்கெட், வேலைக்குப் போகாமல் இழக்கும் கூலி, தினம் ஒரு முட்டை, பல் வைத்தியம் இதெல்லாம் பெரும்பாலும் காப்பீட்டில் வராது. குழந்தை தேறுமா தேங்குமா என்பது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான் இருக்கிறது.

1000 குழந்தைகள் பிறந்தால் அதில் 8 அல்லது 9 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கும். எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருக்கும் குழந்தைக்குத் தேவைப்படும். அந்தக் குழந்தைக்கு ரத்தம் அளவுக்கு மீறி நுரையீரலுக்குப் போகிறது, மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறது. சாதாரணமாகக் கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி போதும். இந்தக் குழந்தைக்கு 120 முதல் 150 வரை வேண்டும். தேவை கூடுதல், உள்ளே போவது குறைவு. அப்புறம் எடை எப்படி ஏறும்? "பால் ஒத்துக்கல", "கண்ணு பட்டுடுச்சு", "அம்மா சரியா கவனிக்கல" என்று ஊர் பேசும். தாயின் மேல் இதில் ஒரு தவறும் கிடையாது. இதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும்.

ஓட்டையை அடைத்த பிறகு நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு நிறையும். மூச்சிரைப்பு அடங்கும், பசி எடுக்கும், எடை ஏறத் தொடங்கும். பல குழந்தைகள் 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தங்கள் வயதுக்குரிய எடையை எட்டிப் பிடிக்கிறார்கள். உயரம் கொஞ்சம் பின்னால் வரும். ஆனால் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. எடை குறைவாகப் பிறந்தவர்கள், தாமதமாக ஆபரேஷன் ஆனவர்கள், டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ளவர்கள் மெதுவாகத்தான் தேறுவார்கள். சரியாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று எடை ஏறாமல் நின்றால், ஓட்டையை அடைத்த இடத்தில் ஏதாவது கசிவு மீதி இருக்கலாம், சாப்பாடு போதாமல் இருக்கலாம், மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க முதலில் மாதாமாதம் எடை போட வேண்டும்.

அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள், அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகளில் குறிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, அதைத்தான் முதலில் பயன்படுத்தச் சொல்கிறோம். ஆனால் ஆபரேஷன் ஆன குழந்தையை வெளியே எடுத்துப் போகவே பல வீடுகளில் பயம். நெஞ்செலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கையைத் தலைக்கும் தோளுக்கும் பின்னால், இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே வைத்துத் தூக்க வேண்டும். அந்த 8 வாரம் முடிந்த பிறகும் ஓடாதே, அழாதே, பள்ளிக்கூடம் போகாதே என்று வருடக்கணக்கில் பொத்தி வைக்கிறார்கள். சாதாரண ஓட்டையை அடைத்த பெரும்பாலான குழந்தைகள் டாக்டர் சரி சொன்னதும் மற்றப் பிள்ளைகள் போலவே விளையாடலாம். தசை வளர்வதும் பசி எடுப்பதும் அந்த விளையாட்டில்தான்.

இன்னும் சில விஷயங்கள் நழுவிப் போகின்றன. ரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மைத் தடுப்பூசியைச் சில மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். தள்ளிப்போட்டது அப்படியே மறந்துபோகும். பல் சொத்தையை "பால் பல்தானே, விழுந்திடும்" என்று விட்டுவிடுவார்கள். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தின் உள்சுவரில் போய் உட்காரக்கூடும். அதனால்தான் ஓட்டையை ஒட்டுத் துண்டு (பேட்ச்) வைத்து அடைத்த குழந்தைக்கு முதல் 6 மாதத்தில் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். கசிவு மீதி இருப்பவர்களுக்கும் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் அதற்குப் பிறகும் அது தேவை. உடம்பு நீலம் பாயும் 'ஃபாலோ' என்ற பிறவி இதய நோய்க்கு ஆபரேஷன் ஆன பிள்ளைகளில் சிலருக்கு நுரையீரல் வால்வு கசிந்து, வளர்ந்த பிறகு வால்வு மாற்ற வேண்டி வரலாம். நன்றாக இருக்கிறானே என்று எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனையை நிறுத்திவிடுவது ஆபத்து. ஆனால் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. செக்கப்புக்குச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக டிக்கெட் எடுத்தாக வேண்டும், அன்றைய கூலியையும் விட வேண்டும்.

எங்கள் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர்தான். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரும் ஆசிரியர்கள் சிலரும் துணை நிற்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை வரவழைத்து எடை, உயரம், தலைச் சுற்றளவு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்து நோட்டில் எழுதுவோம். குறை தெரிந்தால் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பி வைப்போம். வைத்தியம் நாங்கள் செய்வதில்லை.

முதல் வருடத்துக்கு 20 குழந்தைகள் என்று திட்டமிட்டிருக்கிறோம். ஒரு குழந்தைக்கு மாதம் 1,000 ரூபாய்: தினம் ஒரு முட்டை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, நெய், மிச்சம் செக்கப்புக்கான பஸ் செலவு. இது வருடத்துக்கு 2,40,000 ரூபாய் ஆகிறது. எடைக்கருவி, நீளம் அளக்கும் பலகை, ஆக்சிஜன் பார்க்கும் கருவி எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய். பல் வைத்தியத்துக்கும், ராத்திரியில் காய்ச்சல் கண்டு கார் பிடித்து ஓட வேண்டி வந்தால் அதற்கும் 35,000 ரூபாய் கையிருப்பு. ஆக மொத்தம் 3 லட்சம் ரூபாய்.

டப்பாவில் வரும் சத்துப் பவுடர்களைத் தயவுசெய்து வாங்கித் தர வேண்டாம். அந்த விலையில் ஒரு மாத முட்டையும் கடலையும் வந்துவிடும். பொருளாகத் தர நினைப்பவர்கள் வேர்க்கடலை தரலாம், நம் பக்கத்தில் விளைவதுதானே. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், உணவுக் கட்டுப்பாடு சொல்லப்பட்ட குழந்தைக்கும் என்ன கொடுப்பது என்பதை அவரவர் டாக்டர் சொன்னபடிதான் செய்வோம்.

குழந்தைகளின் படத்தையோ நெஞ்சுத் தழும்பையோ காட்டிப் பணம் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நாளைக்கு அவர்கள் வளர்ந்து கல்லூரிக்கும் வேலைக்கும் போகப் போகிறவர்கள். யாருக்கு உதவி போகிறது என்று பெயர் சொல்ல மாட்டோம். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி, ஞாயிறு கூடும் இடத்தில் ஒட்டி வைப்போம்.

100 ரூபாயானாலும் சரி, குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தர வேண்டாம். உங்கள் தெருவில் இதய ஆபரேஷன் ஆன குழந்தை இருந்தால், பணம் தர முடியாவிட்டாலும் அந்த வீட்டில் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதய ஆபரேஷன் ஆன குழந்தைகளின் பெற்றோர் குழுவினர்,
விருத்தாசலம்.