மைதானத்தை எழுதிக் கொடுக்க முதல்

விம்பிள்டன்,
கார்த்திகை

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் நோவைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கோ.

கழக மைதானத்தைத் தன் பேரில் எழுதித் தந்தால் மதிலும் கட்டி லைற்றும் போட்டுத் தருவதாக ஒருவர் கேட்கிறார், நிர்வாகத்தில் பாதிப்பேருக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தீர்கள். நான் இருக்கிற இந்த ஊர் அதற்கு முப்பது வருடம் விலை கொடுத்தது. அதை விபரமாக எழுதுகிறேன், கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கோ.

இங்கத்தைய உதைபந்தாட்டக் கழகத்தை 1889 இல் ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் தொடங்கினார்கள். 1912 இலிருந்து பிளவ் லேன் என்ற றோட்டில் சொந்த மைதானம். 1964 வரை சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்கள். 1977 இல் நான்காம் பிரிவுக்குள் எடுத்தார்கள், 1986 இல் முதலாம் பிரிவுக்கே போய்விட்டார்கள். 1988 மே 14 அன்று வெம்ப்ளியில் லிவர்பூலை 1–0 என்று வென்று, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்தார்கள். சான்செஸ் தலையால் அடித்த கோல். கோல்காப்பாளர் பீசன்ட் பெனால்டியைத் தடுத்தார். வெம்ப்ளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் அதற்கு முதல் ஒருவரும் தடுத்ததில்லை. சின்ராசு மாமா ரேடியோவில் கேட்டதாகச் சொல்லுவாரே, அந்த ஆட்டம்தான்.

கிண்ணம் எடுத்து மூன்று வருடத்தில் மைதானம் போனது. ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சனம் செத்த பிறகு, எல்லாருக்கும் இருக்கை போட வேண்டும் என்ற விதி வந்தது. பழைய மைதானத்தில் அதைச் செய்ய முடியாது என்று 1991 இல் இன்னொரு கழகத்தின் மைதானத்துக்கு வாடகைக்குப் போனார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பழைய காணியில் நகரசபைக்கு ஒரு முன்னுரிமை எழுதப்பட்டிருந்தது, விளையாட்டுக்கு வெளியே அது போகாமல் தடுக்க. அப்போதைய உரிமையாளர் காசு கொடுத்து அந்தப் பிடியை நீக்கினார். பிறகு காணி விற்கப்பட்டது. இன்று அதில் மாடிவீடுகள் நிற்கின்றன. 1963 இல் அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் நாலு கோலும் தலையால் அடித்த ரெனோல்ட்ஸின் பெயரை அந்தக் கட்டடங்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

மைதானம் இல்லாத கழகத்தை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம், அண்ணா. 2002 மே 28 அன்று உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த, மூன்று பேர் இருந்த ஆணைக்குழு, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில், கழகத்தை 90 கிலோமீற்றர் தள்ளியுள்ள மில்ற்றன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதித்தது. ஊர்ச்சனம் அழுதுவிட்டு வீட்டில் இருக்கவில்லை. அடுத்த மாதமே விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரரைத் தெரிவு செய்தார்கள். 230 பேர் வந்தார்களாம். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று பெயர் வைத்து, ஒன்பதாம் அடுக்கிலிருந்து தொடங்கினார்கள். 2003 இலிருந்து 2004 வரை 78 லீக் ஆட்டம் தோற்கவில்லை. 2011 இல் நான்காம் பிரிவுக்கு வந்துவிட்டார்கள்.

எனக்குக் கீழ்வீட்டில் இருக்கிற கிழவர் அந்த 230 பேரையும் பார்த்துக்கொண்டு நின்றவர். விசித்திரமான மனுசன். மில்ற்றன் கீன்ஸ் என்ற பெயரை வாயால் சொல்ல மாட்டார், அந்த ஊருக்கு ஊடாகப் போகிற ரயிலில்கூட ஏற மாட்டார். ஆட்டம் உள்ள நாளில் நீலமும் மஞ்சளுமான சால்வையைக் கதவில் கொழுவி விடுவார். இந்தக் குளிரில் மூக்கு நுனி மரத்துப் போகும், அவர் வாசலில் நின்று எனக்கு விதிகளை விளக்குவார். நான் கேட்டது முழுக்க உங்கள் கூட்டத்துக்காக.

புதுக் கழகத்தின் உரிமை டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற அமைப்பின் கையில். எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் மாதிரிப் பதிவு செய்தது. ஒரு அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பவுண் தந்தவருக்கும் அதே ஒன்றுதான். நிர்வாக சபையை அங்கத்தவர்கள் தெரிவு செய்கிறார்கள். புது மைதானத்துக்குக் காசு குறைந்தபோது, 2020 இல் ரசிகர்களிடமே 50 லட்சம் பவுணுக்கு மேல் கடன் வாங்கினார்கள். வட்டி எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு எல்லைக்குள் கொடுத்தவரே தெரிவு செய்தார். காணியை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடம் நவம்பர் 3 அன்று பிளவ் லேனுக்கே திரும்பி வந்தார்கள், பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். கொரோனா என்றபடியால் உள்ளே சனம் இல்லை.

உங்கள் ஆளிடம் மதிலுக்கும் லைற்றுக்கும் கடனாக வாங்குங்கோ, அவர் பெயரைக் கல்லில் பொறியுங்கோ. உறுதி மட்டும் கழகத்தின் பேரில் இருக்கட்டும். பொதுச்சபையில் நாலில் மூன்று பங்கு சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று யாப்பில் எழுதுங்கோ. கழகப் பெயர், நிறம், அலுமாரியில் உள்ள கிண்ணங்கள் எல்லாவற்றையும் சொத்துப் பட்டியலில் சேருங்கோ. இங்கே கழகத்தோடு போன பழைய கிண்ணங்கள் ஊருக்குத் திரும்பி வர 2007 ஆனது.

2024 புரட்டாதியில் பெருமழைக்கு வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் வந்தது. புல்லுக்கு அடியில் நிலமே உள்வாங்கிவிட்டது. நியூகாசிலோடு இருந்த கிண்ண ஆட்டத்தை அவர்களுடைய ஊரில் வைக்க வேண்டியதாயிற்று. சனம் ஒரு லட்சம் பவுணுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. 2025 மே மாதம் வோல்சோலை 1–0 என்று வென்று மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள். எங்கள் மைதானத்தின் பனைப்பக்க மூலை இந்த மாரிக்கும் நிரம்பியதா? வாய்க்காலை முதலே வெட்டச் சொல்லுங்கோ.

நான் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, வேலை நேரம் ஒத்துவருகுதில்லை. ஆனால் யன்னலைத் திறந்தால் கோல் விழுந்தது சத்தத்தில் தெரியும். பக்கத்தில் டூட்டிங்கில் ஒடியல் மா வாங்கலாம். வாங்கிக் காய்ச்சினேன். கூழ் ஒரு ஆளுக்கென்று காய்ச்சுகிற சாமான் இல்லை, அண்ணா. பிலாவிலை கோலுகிற சின்னக்கா, சண்டை பிடிக்கிற பெடியள், நண்டுக்கால் தேடுகிற அப்பா, எல்லாரும் வேணும்.

காசு இந்த மாதம் இருபதாம் திகதிக்குப் பிறகு வரும். பாங்கில் சின்னத் தாமதம், ஒருவரும் யோசிக்க வேண்டாம். வந்ததும் முதலில் அப்பாவின் கண் ஒப்பரேசனுக்கு எடுங்கோ. தங்கச்சியின் சாதகத்தைக் குஞ்சியம்மா சொன்ன இடத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் சீதனமாக வடக்கு வளவைக் கேட்டால் என்னோடு கதைக்காமல் சம்மதிக்க வேண்டாம். அந்த உறுதியில் ஆச்சியின் பெயர் இன்னும் மாறவில்லை. நொத்தாரிசிடம் போகும்போது பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, எல்லை பிரித்த வருடம் அவருக்குத்தான் தெரியும்.

அன்புத் தம்பி