மாஸ்க்கைக் கழற்றாத மருந்துக்கடை

மதுரை
12.5.2023

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அம்மா, தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் நலந்தானே? கடையில் ஏன் இன்னும் மாஸ்க்கைக் கழற்றவில்லை என்று கேட்டு நீ எழுதின கடிதம், அழகரை ஊர் எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவைக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. அன்றைக்கே பதில் எழுத நினைத்தேன். ஆனால் கோரிப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்குச் சித்திரைத் திருவிழா வாரத்தில் அது நடக்கிற காரியமா? குளுக்கோஸும் உப்புக்கரைசல் பாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. அழகர் மலைக்குத் திரும்பின பிறகுதான் ஊர் மூச்சு விடுகிறது.

இந்த வருஷம் அழகர் வைகையில் இறங்குவதை ஆற்றுக்குள்ளேயே நின்று பார்த்தேன். 2020-இல் அழகர் மலையை விட்டே இறங்கவில்லை. மீனாட்சி கல்யாணத்தை நீ சென்னையிலும் நான் இங்கேயும் செல்போனில் பார்த்துவிட்டு, வீட்டுப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். மறு வருஷம் அழகர்கோவிலுக்குள்ளேயே ஆறு மாதிரி செய்து சாமியை இறக்கினார்கள். அதையெல்லாம் பார்த்த கண்ணுக்கு, இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில் நின்று தலையோடு நனைந்தேன். மாஸ்க் போடவில்லை. திறந்தவெளி, காற்று வீசுகிறது; போட்டிருந்தாலும் நனைந்த மாஸ்க் மூச்சை அடைக்குமே தவிர வேறு பிரயோசனம் இல்லை. காலையில் ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி செய்தியில், கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அன்றைக்கே அறிவித்திருப்பதைச் சொன்னார்கள். மே 5. நோய் போய்விட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, அவசரநிலை போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். ஆனால் மறுநாள் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் 'அதான் முடிஞ்சு போச்சுல்ல, நீங்க ஏன் இன்னும் மூடிக்கிட்டு இருக்கீங்க' என்றுதான் கேட்டார்கள்.

நீயும் அதையேதான் கேட்டிருக்கிறாய். வெளியில் போடாதவன், கடையில் ஏன் காலையிலிருந்து ராத்திரி வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று உன் மகன் வந்து சொன்னதாக எழுதியிருக்கிறாய். தங்கச்சி போடச் சொல்கிறாள், நீ மாட்டேன் என்கிறாய், வீட்டில் தினமும் இதே பேச்சு என்றும் எழுதியிருக்கிறாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

சட்டம் போட்டிருந்த காலத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே 2020 செப்டம்பரிலிருந்து 200 ரூபாய் அபராதம், 2022 ஜனவரியில் அதை 500 ஆக்கினார்கள், அப்புறம் கட்டுப்பாடுகளை எடுத்தார்கள். பைக்கில் போகிறவன் தூரத்தில் போலீஸைப் பார்த்ததும் தாடையில் கிடந்ததை மேலே இழுத்துவிடுவான், தாண்டியதும் இறக்கிவிடுவான். அது அபராதத்துக்குப் போட்ட மாஸ்க். இப்போது அந்தப் பயம் இல்லை. இனிமேல் ஒருவன் போட்டால் தனக்காகவோ, பக்கத்தில் இருக்கிறவனுக்காகவோதான் போட வேண்டும். அதனால் இப்போதுதான் இதைப் பற்றி ஒழுங்காக யோசிக்க வேண்டிய நேரம் என்று நினைக்கிறேன்.

என் கடை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரி என்கிற அரசு ராஜாஜி மருத்துவமனை வாசலுக்கு எதிரே. தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு அங்கேதான் நடந்தது, 2020 மார்ச் 25 விடிகாலை. அப்போது மத்திய அரசு மூன்று அடுக்கு மாஸ்க் பத்து ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று விலை கட்டியிருந்தது. அந்த விலைக்கு மொத்தக் கடையிலேயே சரக்கு கிடைக்காது. இன்றைக்கு அதே மாஸ்க் இரண்டு மூன்று ரூபாய்க்கு அட்டைப்பெட்டியில் தூங்குகிறது. போன மாதம் 1-ஆம் தேதியிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்குள் மட்டும் எல்லோரும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் உள்ளே போகிறவர்கள் என்னிடம் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிறார்கள். வரும்போது வாசலிலேயே கழற்றி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வந்து, அதே கையால் மருந்துச் சீட்டை நீட்டுகிறார்கள். உள்ளே இருமியவர்தான் என் கடை வாசலிலும் நின்று இருமுகிறார். ரோட்டைத் தாண்டினதால் அவருக்குச் சளி குறைந்துவிடாது. நான் கழற்றாததற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிசு. ஆளை அடையாளம் சொல்லாமல் எழுதுகிறேன்.

இருபது இருபத்தொரு வயசுப் பெண் ஒருத்தி சாயங்கால வேளையில் வருவாள். ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. சத்து மாத்திரை வாங்குவாள், கூட்டம் இருந்தால் ஓரமாக நிற்பாள். ஒருநாள் எல்லோரும் போன பிறகு கல்லாப் பக்கம் வந்து, மெதுவாக, 'அண்ணே, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுது, பயப்படணுமா?' என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காசநோய் மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் செய்கிற வேலை அது. பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம், நடுவில் மட்டும் நிறுத்திவிடாதே என்று சொன்னேன். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குணம்தான். ஆனால் ஆரம்பத்தில் சில வாரம், இருமும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போகாமல் இருக்க, மாஸ்க் போடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவளும் போட்டிருக்கிறாள். கடை முழுக்க ஏசி. கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, 'ஊரே கழட்டிருச்சு, உனக்கு மட்டும் என்ன சீக்கு?' என்று கேட்டிருக்கிறார்கள். சும்மா வேடிக்கைக்குத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அவள் அன்றைக்கே கழற்றிவிட்டாள். வேலை போய்விடும், ஊரில் தெரிந்தால் கல்யாணம் நிற்கும் என்று பயம். என்னிடம் அவள் சொன்னது என்ன தெரியுமா? 'எல்லாரும் போட்டிருந்தப்போ இந்த நோய் வந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது அண்ணே.'

பங்காளி, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் எல்லோரும் மூடியிருந்த அந்த இரண்டு வருஷமும் நோயாளி யார், நோய் இல்லாதவன் யார் என்று மாஸ்க்கை வைத்துச் சொல்ல முடியாது. நாம் கழற்றினோம், அவர்கள் தனியாகத் தெரிந்துவிட்டார்கள். உலகத்தில் உள்ள காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் நாட்டில்தான் இருக்கிறார். இங்கே தோப்பூர் நெஞ்சக ஆஸ்பத்திரியும் காசநோய்க்காகக் கட்டினதுதான், கொரோனாவுக்காக இல்லை. இருமல் வழியாகப் பரவுகிற நோய் நம்மோடு எப்போதும் இருந்தது, இருமுகிறவன் மூடிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவன் தப்பிப்பான் என்பதும் டாக்டர்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் என்று இன்னும் எத்தனையோ பேர். அவர்களுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு. ஆயுசு முழுக்க மாஸ்க் தேவைப்படுகிறவர்களும் அதில் உண்டு. அவர்களைப் பார்த்து 'இன்னுமா' என்று கேட்கிற அந்த ஒரு சொல் ஊரை விட்டே போக வேண்டும் என்பது என் ஆசை.

அதற்காகத்தான் கடையில் நானும் பையன்கள் இரண்டு பேரும் போட்டுக்கொண்டே இருக்கிறோம். மருந்துக்கடைக்குள் மாஸ்க் போட்டவன் தனி ஆள் இல்லை என்று இருக்கட்டும். அவளிடம், தூசி அலர்ஜி என்று சொல்லிவிட்டுப் போடு தாயி என்றேன். துணி மடிக்கிற இடத்தில் பஞ்சுத் தூசிக்குக் குறைச்சலா? இப்போது போடுகிறாளாம்.

எல்லா இடத்திலும் எல்லா நேரமும் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கத்திரி வெயிலில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனைப் போடச் சொன்னால் மயங்கி விழுவான். சின்னப் பிள்ளைகள் டீச்சரின் வாய் அசைவைப் பார்த்துத்தான் பேசப் படிக்கிறார்கள். காது கேளாத வாடிக்கையாளர் ஒருவர் உண்டு, நம் உதடு அசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அவர் வந்தால் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, கழற்றிவிட்டுத்தான் பேசுவேன். சாயங்காலம் தமுக்கம் மைதானத்துப் பக்கம் நடக்கப் போகும்போது சட்டைப்பையில்தான் இருக்கும். எனக்குச் சளி பிடித்தால் மட்டும் வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்வேன், பேத்தி கைக்குழந்தை அல்லவா.

பரோட்டாவையே மாஸ்க் மாதிரி வீசிப் போட்டு விற்ற ஊர் இது. அந்தக் காலத்தில் ஜனங்களுக்கு மாஸ்க் பழக அதுவும் ஒரு வழியாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் கொஞ்சமாவது மிச்சம் வைத்துக்கொண்டால் என்ன?

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் தங்கச்சி பக்கம்தான். உனக்காக இல்லை, அம்மாவுக்காக. எண்பது தாண்டினவர், இன்ஹேலர் இழுக்கிறவர். என் சின்ன மகள் கல்யாணத்துக்கு அவர் வந்தே ஆக வேண்டும், வந்து நல்லபடியாகத் திரும்பவும் வேண்டும். 2021 மே மாதம் நம் கூட்டாளியைப் பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸிலேயே வைத்துக்கொண்டு படுக்கைக்குக் காத்திருந்தோமே, அதன் பிறகு எனக்கு வயசானவர்கள் இருமினாலே வயிறு கலங்குகிறது. அவனும் இருந்திருந்தால் இந்தக் கல்யாணத்தில் பந்தி விசாரணை அவன் கையில்தான்.

வைகை எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டியில் வருகிறாய். ஏழு மணி நேரத்துக்கு மேல், ஜன்னல் திறக்காத பெட்டி. அங்கே துணி மாஸ்க் போதாது. நல்ல என்95 வாங்கு, வால்வு வைத்தது வேண்டாம், அதில் விடுகிற மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். மூக்குக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்தி விடு. அம்மாவின் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி அழுத்து. முக்கியமாக, தங்கச்சியிடம் சொல், அதைத் துவைக்கக் கூடாது. சின்ன வயசில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை ஒட்டவைப்போமே, அதே மாதிரி அந்தத் துணிக்குள் இருக்கிற மின்னூட்டம்தான் நுண்ணிய துகளைப் பிடித்து வைக்கிறது. சோப்புத் தண்ணீரில் முக்கினால் அது போய்விடும், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். காகித உறையில் போட்டு ஆறவிட்டு, இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போடலாம். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் வற்புறுத்தாதே. அவர் பக்கத்தில் உட்காருகிற நீயும் தங்கச்சியும் போட்டுக்கொண்டால் அதுவே பாதிக் காரியம். நீ போடு என்று நான் சொல்வது அதனால்தான்.

மண்டபமும் ஏசிதான், சம்பந்தி வீட்டார் விருப்பம். சாப்பாட்டுக்கூடம் மட்டும் தனியாக, இரண்டு பக்கமும் கதவு திறக்கிற மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு முதல் பந்தியிலேயே கதவோரம் இடம் போடச் சொல்லிவிட்டேன். கூட்டம் நெருக்குவதற்குள் சாப்பிட்டுவிடலாம். முகூர்த்தத்துக்கு மணமேடைக்கு வலது பக்கம், வாசலை ஒட்டி முன்வரிசை. வரவேற்பு மேசையில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்க் பெட்டி வைக்கப் போகிறேன். யாரையும் போடச் சொல்லப் போவதில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். சம்பந்தி முதலில், மங்கல காரியத்தில் இதெல்லாம் எதற்கு என்றார். அவர் அண்ணனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கு உதவுமே என்று சொன்னதும், மனுஷர் ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் வைத்துவிடுங்கள் என்றார்.

முதல்நாள் ராத்திரியே வந்துவிடு. ஸ்டேஷனுக்குப் பையனை வண்டியோடு அனுப்புகிறேன், படியேற வேண்டாம், அம்மாவுக்கு வீல்சேர் கேட்டு வைக்கிறேன். அம்மாவின் இன்ஹேலர் பெயரையும் மற்ற மாத்திரைகளையும் அட்டையோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக வரவழைத்துக் கடையில் வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி