உட்கார இடம் வாங்கித் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கடையின் சேலைப் பிரிவில் சென்ற பங்குனி மாதம் முதல் 9 ஸ்டூல்கள் போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நாங்கள் அவற்றில் உட்காருகிறோம், யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. இவ்வளவுதான் செய்தி. இதற்கு ஒரு மடலா என்று நினைப்பவர்கள், காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தது முதல் இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும்வரை, சாப்பாட்டு நேரமான அரை மணி நீங்கலாக, ஒரே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு மேலே படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் 22 ஆண்டுகளாக ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்து வருகிறேன். ஒரு சேலை வாங்க வருபவர் நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்வார். அது எங்கள் வேலை, அதில் வருத்தமில்லை. அவர் போன பிறகு நாற்பதையும் மடித்து அடுக்கிவிட்டு, அடுத்தவர் வரும்வரை வெறுங்கையோடு நிற்கிறோமே, அந்தப் பத்து நிமிடம்தான் தாங்க முடியாதது. அலமாரியில் சாய்ந்தால் கேமராவில் தெரியும். தெரிந்தால் சம்பளத்தில் 50 ரூபாய் பிடிப்பார்கள். ஆடித் தள்ளுபடி நாள்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் விடுதிக்குத் திரும்பியதும், பிள்ளைகள் எல்லாரும் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்த வரிசையில், பத்தொன்பது வயதுப் பெண்ணின் கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும், பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் சேலையை விரித்துக் காட்டுவார்கள். பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றும் அந்த வழக்கம் உண்டு. உட்கார்ந்து விற்பது வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்பது கண்ணாடிக் கவுண்டரோடு வந்த புதுச் சாத்திரம்.

சட்டமும் எங்களை நெடுங்காலம் மறந்திருந்தது. கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டனில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்பவர் இடையிடையே உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 44-ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் அது ஆலைகளுக்கு; கடைகளுக்கென்று 1947-இல் இங்கே இயற்றப்பட்ட சட்டத்தில் அப்படி ஒரு வரி சேர 74 ஆண்டுகள் ஆயின.

ஆகவே எங்கள் முதல் நன்றி, எங்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத கேரளத்துப் பெண்களுக்கு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிவறை. தையல் தொழிலாளியான பி. விஜி அவர்கள் அந்தப் பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் ஆறு பேர் தொடங்கிய போராட்டம் நூறு நாள்களைத் தாண்டியது. ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம், என்று மலையாளத்தில் அதற்குப் பெயர். உட்காரும் உரிமை கேட்ட போராட்டத்தை அவர்கள் உட்கார்ந்தே நடத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பர் 6 அன்று நம் சட்டப்பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வி. கணேசன் கொண்டுவந்த திருத்தம், நம் சட்டத்தில் ஊழியர் உட்கார வசதி வேண்டும் என்னும் 22-அ பிரிவைச் சேர்த்தது. நாங்கள் ஒரு கோஷம்கூடப் போடாமல், அடுத்த மாநிலத்துக்காரிகள் வெயிலில் கிடந்ததன் பலன் எங்கள் வாசல்வரை வந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வாசல்வரைதான் வந்தது. ஸ்டூல்களை வாங்கினார்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் குடோனில் அடுக்கினார்கள், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் வெளியே எடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் என் காலைப் பார்த்த மருத்துவர் அம்மா, வழக்கம்போல் மாத்திரை எழுதியதோடு நில்லாமல், ‘தொடர்ந்து நிற்கக் கூடாது, இடையிடையே உட்கார வேண்டும்’ என்று ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அந்தச் சீட்டின் நகலைத்தான் எங்கள் மனுவோடு முதலில் இணைத்தோம். மனுவை எழுதித் தந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. ‘கருணை கூர்ந்து’ என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, ‘சட்டப்படி’ என்று எழுதினார். ஐயா, அந்த ஒரு திருத்தத்துக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். மனு கொடுக்கும் நாளில் வாசலில் நின்று எங்களோடு படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களுக்கும் நன்றி, படத்தின் பிரதி இன்னும் வரவில்லை.

மனுவுக்குப் பதில் வராத இரண்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமே இல்லாத பிற்பகல் மூன்று மணிக்கு, எங்களில் மூத்தவரான அக்கா தன் கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். ஓய்வு பெற ஓராண்டே இருந்தவர், வேலை போனால் போய் இருக்க மகன் வீடுகூட இல்லாதவர். அவரைப் பார்த்து நான் உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொருவராக, மொத்தம் பதினான்கு பேர். “செக்‌ஷன்ல ஆளே தெரியல, எழுந்திரிங்க” என்று மைக்கில் மூன்று முறை குரல் வந்தது. கிரானைட் தரை சில்லென்று இருந்தது, யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நேரத்தில் படியேறி வந்த ஓர் அம்மா, எங்கள் நிலையைக் கேட்டுவிட்டு, “நீங்க இருங்க, நானே எடுத்துப் பாத்துக்கிறேன்” என்று எதிரே இருந்த படியில் தாமும் உட்கார்ந்துகொண்டார். அவர் யார் என்று தெரியாது. கத்தரிப்பூ நிறச் சுங்குடி கட்டியிருந்தார். இதைப் படிக்க நேர்ந்தால் எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான்கே நாள் பிற்பகலில் இப்படி உட்கார்ந்தோம். ஐந்தாம் நாள் தொழிலாளர் துறையிலிருந்து வந்த அலுவலர், குடோனைத் திறக்கச் சொல்லி, ஸ்டூல்களை எண்ணி, அவற்றின் உறைகளைத் தம் கையாலேயே பிரித்தார். அக்காவுக்கும் எனக்கும் சம்பளத்தில் பிடித்த பணம் அடுத்த மாதம் திரும்பி வந்தது. ஆண்கள் பிரிவில் வேலை செய்யும் தம்பிகள் 11 பேருக்கு இன்னும் ஒரு ஸ்டூல்கூட வரவில்லை; 22-அ பிரிவு எல்லா ஊழியருக்கும் பொருந்தும் என்பதால், அடுத்த மனுவை எழுதத் தமிழாசிரியர் ஐயாவிடம் நேரம் கேட்டிருக்கிறோம்.

கடைசியாக, கடைக்கு எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. இரவு பத்து மணிக்கு மேல் நாங்கள் கூடிப் பேசுவதற்கு இரண்டு பெஞ்சுகளைத் தந்து, கடை சாத்தும் நேரத்தைத் தள்ளிப்போட்டவர் அவர். டீக்கணக்கில் 340 ரூபாய் பாக்கி இருக்கிறது, சம்பளத்தன்று தீர்த்துவிடுகிறோம் அண்ணே.

இப்படிக்கு,
சேலைப் பிரிவுப் பெண்கள் 14 பேர் சார்பில்